வராத நெல் எங்கே போகிறது? வியூக விளையாட்டுக்காகச் சோழர் ஆட்சிமுறையை வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வரலாற்று வியூக விளையாட்டுகளில் அரசாங்கம் என்ற பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கண்ணில் படும். முடியாட்சியைத் தேர்ந்தால் படைச்செலவு பத்து விழுக்காடு குறையும், குடியரசைத் தேர்ந்தால் வணிக வருவாய் பத்து விழுக்காடு கூடும் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆட்டக்காரர் ஒருமுறை கணக்குப் பார்த்து ஒன்றைச் சொடுக்கிவிட்டு, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. சோழ நாட்டை வைத்து ஒரு சிறு விளையாட்டை உருவாக்கத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் செய்தேன். எக்செல் தாளில் ஆறு ஆட்சிமுறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கூட்டல் கழித்தல்களை இட்டு, நண்பர்கள் இருவரை ஆடச் சொன்னேன். மூன்றாவது ஆட்டத்திலேயே இருவரும் ஒரே ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "மற்ற அஞ்சையும் எதுக்குடா வச்சிருக்க?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினேன். அரசனுக்கு வர வேண்டிய நெல் முழுவதும் வந்து சேராத காலத்தில், வராத நெல் எங்கே போகிறது? 1991-இல் வெளிவந்த முதல் சிவிலைசேஷனில் தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூட ஊழல் கூடும். அந்த அளவுக்கு நகரத்தின் வணிக வருவாய் குறையும். ஆனால் குறைந்த வருவாய் யாரிடமும் போய்ச் சேராது, காற்றில் கரைந்துவிடும். யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-இல் ஒரு மாகாணத்தின் தன்னாட்சி கூடினால் வரி குறையும். அங்கும் குறைந்த காசு ஒருவர் பெட்டியிலும் விழுவதில்லை. குருசேடர் கிங்ஸ் 3 இந்த இடத்தில் மேலானது. அங்கே சிற்றரசன் மேலே கட்டாத வரி அவன் கையிலேயே தங்கி, நாளை அவன் திரட்டும் படையாக மாறி வந்து நிற்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. அரசனிடம் வராத ஒவ்வொரு கலம் நெல்லும் யாரோ ஒருவருடைய குதிரில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தது அவருக்கு வலிமையாக வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் ஆட்சிமுறை என்ற பகுதியில் பாதி வேலை முடிந்தது.

படி 1: காலத்தையும் அலகையும் முடிவு செய்யுங்கள்

985-இல் முதலாம் ராஜராஜன் அரியணை ஏறியதிலிருந்து 1070-இல் முதலாம் குலோத்துங்கன் ஆட்சிக்கு வந்தது வரையிலான காலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று ஓராண்டு. வரைபடத்தின் அடிப்படை அலகாக ஊரை எடுக்காதீர்கள். அத்தனை ஊர்களை ஆட்டக்காரரால் நினைவில் வைக்க இயலாது. மண்டலத்தையும் எடுக்காதீர்கள், அது மிகப் பெரிது, அதற்குள் நடக்கும் இழுபறி எதுவும் தெரியாது. பல ஊர்கள் சேர்ந்த நாடு என்பதே சரியான அலகு. அது அரசன் வரைந்த கோடு அன்று, உழவர் குடியிருப்புகள் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டிச் சேர்ந்து உருவான பழைய பிரிவு. அதன் மேல் ராஜராஜன் வளநாடு என்னும் புதிய பிரிவைக் கொண்டுவந்து தன் பட்டப்பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினான். பழைய அலகு மக்களுடையது, மேலே போர்த்திய அலகு அரசனுடையது என்ற இந்த இரட்டைத் தன்மையே விளையாட்டுக்குத் தேவையான இழுவிசையைத் தருகிறது.

அடுத்ததாக ஒரு வரலாற்றுத் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சோழ அரசைப் பெரும் அதிகார அமைப்போடு கூடிய வலுவான மைய அரசாக நீலகண்ட சாஸ்திரி கண்டார். நடுப்பகுதிக்கு வெளியே அரசனின் அதிகாரம் பெரிதும் சடங்கு அளவிலானது என்று பர்ட்டன் ஸ்டைன் வாதிட்டார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் அதிகாரிப் பட்டங்களையும் வரிச் சொற்களையும் எண்ணித் தொகுத்து, ராஜராஜன் காலம் முதல் மைய நிர்வாகம் வளர்ந்ததைக் காட்டினர். விளையாட்டை வடிவமைப்பவர் இதில் ஒரு கட்சியில் சேர வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் 0 முதல் 100 வரை பிடிமானம் என்று ஓர் எண்ணை வையுங்கள். பிடிமானம் 20 ஆக இருக்கும் நாட்டில் ஆட்டக்காரர் ஸ்டைன் சொன்ன அரசனாக இருப்பார். 80 ஆக இருக்கும் நாட்டில் சாஸ்திரி சொன்ன அரசனாக இருப்பார். ஒரே பேரரசுக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஆய்வாளர்களின் கருத்து வேறுபாடு உங்கள் விளையாட்டின் அளவுகோலாகிவிடுகிறது.

படி 2: களத்தில் இருப்பவர்களை எழுதுங்கள்

ஆட்சிமுறையின் பெயரை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஆட்களின் பெயர்களை எழுதுங்கள். நிலமுடைய உழவர் தலைவர்களான நாட்டார், வேளாண் ஊர்களின் ஊரவை, பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர்களான பிரமதேயங்களின் சபை, நகரம் எனப்பட்ட வணிகர் அவை, அதற்கும் மேலாகக் கடல் கடந்து சென்ற வணிகக் குழுவான ஐந்நூற்றுவர், கோயில், பழுவேட்டரையர், கொடும்பாளூர் வேளிர் போன்ற சிற்றரசர், மூவேந்தவேளான், பிரமராயன் போன்ற பட்டங்களைப் பெற்ற அதிகாரிகள். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: கையில் என்ன இருக்கிறது, அரசனிடம் என்ன வேண்டும், எதைத் தராமல் நிறுத்த முடியும்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத எவரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். நாட்டார் நெல்லை நிறுத்த முடியும். ஐந்நூற்றுவர் குதிரையையும் பொன்னையும் வேறு துறைமுகத்துக்குத் திருப்ப முடியும். சிற்றரசர் படையை அனுப்பாமல் இருக்க முடியும். அதிகாரி எதையும் மறுக்கமாட்டார், தாமதப்படுத்துவார். நடைமுறையில் இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. விக்டோரியா 3-இல் ஒவ்வொரு குழுவுக்கும் அரசியல் செல்வாக்கு என ஓர் எண் உண்டு. நம் விளையாட்டில் அந்த எண்ணைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டாம். குதிரில் உள்ள நெல்லே செல்வாக்கு.

படி 3: ஓர் ஆணையின் பின்னால் நடந்து செல்லுங்கள்

எந்த அரசை வடிவமைத்தாலும், அரசன் வாயிலிருந்து புறப்பட்ட ஒரே ஓர் ஆணையைப் பிடித்துக்கொண்டு அது வயலைத் தொடும் வரை கூடவே போய்ப் பாருங்கள். சோழர்களுக்கு இதற்கு அருமையான சான்று இருக்கிறது. இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தின் பெயரால் லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் அவை. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்குரிய கொடையாகத் தந்தான். தஞ்சாவூர் மாளிகையின் ஒரு மண்டபத்தில் இருந்தபடி அவன் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதினார். ஓலைநாயகம் அதைச் சரிபார்த்தார். புரவுவரித் திணைக்களத்தார் வரிக் கணக்கில் ஏற்றினார்கள். பிறகு ஓலை நாட்டாருக்குப் போனது. இத்தகைய சோழச் செப்பேடுகள் அடுத்து நடப்பதைக் கண்ணுக்கு முன் கொண்டுவரும். நாட்டார் திருமுகம் என்னும் அரசனின் ஓலையை எதிரெழுந்து சென்று தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பெண் யானையை நடத்தி எல்லையைச் சூழ்ந்து வருகிறார்கள். யானை நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். அறவோலை எழுதிக் கையொப்பம் இடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, ராஜராஜன் மறைந்து மகன் ராஜேந்திரன் ஆளும்போதுதான் இந்தக் கொடை செப்பேட்டில் பொறிக்கப்பட்டது.

இந்தக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எழுதுவதும் சரிபார்ப்பதும் பதிவதும் அரசனுடைய ஆட்கள். யானையை நடத்துவதும் கள்ளியை நடுவதும் நாட்டார். ஓலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, யானையை மட்டும் வேறு பக்கம் ஓட்டிவிட்டால் அரசனால் என்ன செய்ய முடியும்? இந்த இடத்தில்தான் உங்கள் விளையாட்டின் முதல் விதி பிறக்கிறது.

ஆணையை ஐந்து கட்டங்களாகப் பிரியுங்கள்: சொல், எழுத்து, பதிவு, சேர்ப்பு, செயல். முதல் மூன்றும் தலைநகரில் நடப்பவை. அவற்றின் வேகம் அதிகாரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நான்காவது தொலைவைப் பொறுத்தது. ஐந்தாவது அந்த நாட்டின் பிடிமானத்தைப் பொறுத்தது. ஆட்டக்காரர் ஒரே சுற்றில் ஏழெட்டு ஆணைகளைப் பிறப்பித்தால் பதிவுக் கட்டத்தில் அவை தேங்க வேண்டும். செயல் கட்டத்தில் பிடிமானம் 60 இருந்தால் ஆணையில் அறுபது விழுக்காடு நிறைவேறும். ஆனால் அறிக்கையில் முழுவதும் நிறைவேறியதாகவே வரும். உண்மை நிலவரத்தைக் காண ஆட்டக்காரர் ஓர் அதிகாரியை நேரில் அனுப்ப வேண்டும். ஆட்டக்காரரிடம் இப்படி மறைப்பது நியாயமா என்று என்னுடன் வேலை செய்தவர் கேட்டார். அரசனுக்குத் தெரியாதது ஆட்டக்காரருக்கும் தெரியக்கூடாது என்பது என் பிடிவாதம். உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் எளிய நிலை, கடின நிலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: நெல்லைக் கணக்கிடுங்கள்

எண்களை வானத்திலிருந்து பறிக்க வேண்டாம், செப்பேட்டிலேயே இருக்கின்றன. ஆனைமங்கலத்தின் நிலம், வேலி என்னும் நில அளவில், 97 வேலிக்குச் சற்று மேல். அதற்குரிய காணிக்கடன், அதாவது நிலவரி, 8,943 கலத்துக்குச் சற்று மேல் நெல். வகுத்துப் பார்த்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம். இது காவிரிக் கழிமுகத்தின் நன்செய். ஆகவே முதல் தர நன்செய்க்கு வேலிக்கு 90 கலம் என்று வைத்துக்கொண்டு, மற்ற நிலங்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி வருபவை வடிவமைப்புக்காக நான் இட்ட எண்கள், கல்வெட்டில் உள்ளவை அல்ல. 200 வேலி நன்செய் உள்ள ஒரு நாட்டின் கடன் 18,000 கலம். பிடிமானம் 60 என்றால் அரசனுக்கு வருவது 10,800, வராதது 7,200. இந்த 7,200 கலத்தை உள்ளூர் வலிமைக்கேற்ப நாட்டாருக்கு மூன்று பங்கு, கோயிலுக்கு இரண்டு பங்கு, சிற்றரசனுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் முறையே 3,600, 2,400, 1,200. அடுத்த ஆண்டு வலிமையைக் கணக்கிடும்போது இந்த இருப்பும் சேரும். இவ்வளவுதான் எந்திரம். ஆனால் இதை நாற்பது நாடுகளில் முப்பது ஆண்டுகள் ஓடவிட்டால், ஆட்டக்காரர் ஒருபோதும் கண்ணெடுத்துப் பார்க்காத ஓர் ஓரத்து நாட்டில், அவரே வளர்த்துவிட்ட ஒரு சிற்றரசன் படையுடன் எழுவான்.

பிடிமானத்தை உயர்த்த என்ன வழி? ராஜராஜன் கண்ட வழி நில அளவை. 1001 வாக்கில் தொடங்கிய அந்த அளவை, வேலியை மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும் பகுத்து, அதற்குக் கீழேயும் போனது. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரியையும் கீழ்முந்திரியாகப் பகுத்துப் பதிந்த அரசன் எதைத் தேடினான் என்பது வெளிப்படை: கணக்கில் வராமல் மறைந்திருந்த நெல்லை. விளையாட்டில் அளவைக்கு மூன்று சுற்றுகள் ஆகட்டும். பிடிமானம் 20 கூடட்டும். மேலே கண்ட நாட்டில் அரசனுக்கு 14,400 கலம் வரும், வெளியே நிற்பது 3,600 ஆகச் சுருங்கும். நாட்டாரின் பங்கு 3,600-இலிருந்து 1,800 ஆகிவிடும். அவர்களுடைய மனக்கசப்பை நீங்கள் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை; அவர்கள் ஆண்டுதோறும் இழந்த 1,800 கலமே அந்தக் கசப்பின் அளவு. எல்லாக் கட்டளைகளுக்கும் இந்த விதியையே வையுங்கள். கருத்து மைனஸ் பதினைந்து என்று காரணம் தெரியாமல் மிதக்கும் எண்கள் ஆட்டக்காரருக்கு எதையும் கற்றுத்தருவதில்லை.

கண்டிப்புக்கும் ஒரு கருவி வேண்டும். ராஜராஜனின் 24-ஆம் ஆட்சியாண்டில் வெளிவந்த ஓர் ஆணை உக்கல் கல்வெட்டில் உள்ளது. இரண்டு முழு ஆண்டுகள் வரி கட்டாதவர்களின் நிலத்தை ஊராரே எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. வசூலுக்கு அரசன் படை அனுப்பவில்லை என்பதைப் பாருங்கள். அண்டை வீட்டுக்காரனின் பேராசையையே வசூல்காரனாக்கிவிட்டான். இதை ஒரு பொத்தானாக வைத்தால், அழுத்திய நாட்டில் வரவு உடனே கூடும். கூடவே நிலம் சிலர் கையில் குவிந்து, பத்தாண்டுகளில் நாட்டாரின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொருவர் வலிமையும் பெருகும்.

தொலைவுக்கு ஒரு குறிப்பு. தலைநகரிலிருந்து இரண்டு நாள் பயணத்துக்கு ஐந்து புள்ளி பிடிமானம் குறையட்டும். ராஜேந்திரன் செய்ததுபோல் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினால் எல்லா நாடுகளின் தொலைவும் மாறும். மதுரையில் அவன் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு அமர்த்தினான். அதுபோல் ஓர் இளவரசனை அமர்த்தினால் அங்கே தொலைவு மதுரையிலிருந்து கணக்கிடப்படும். ஆனால் அவனும் ஒரு குதிர் உள்ள ஆளாகிவிடுவான்.

படி 5: சபையை விளையாட்டாக்குங்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919-லும் 921-லும், குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் செய்தார்கள். அவன் எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் ஏற்று எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். விரல்களை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? யாரோ ஒருவர் முன்பு அப்படி மாற்றிப் பிடிபட்டிருக்க வேண்டும் என்றே இந்த விதியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

இதில் முதலில் தவிர்க்க வேண்டியது, இந்த அமைப்புக்கு மக்களாட்சி என்று பெயரிட்டு மகிழ்ச்சிக்கு பத்து விழுக்காடு கூட்டிவிடுவது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயச் சதுர்வேதிமங்கலம். போட்டியிட வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். பெண்களுக்கும் உழுபவர்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. எல்லாச் சோழ ஊர்களிலும் இதுவே நடந்தது என்று கொள்வதற்கும் இடமில்லை. ஆனால் ஒரு சிறு வட்டத்துக்குள் ஒருவரையொருவர் நம்பாத ஆண்கள், கணக்கை எப்படிக் காத்தார்கள் என்ற அளவில் இது அசாத்தியமான வடிவமைப்பு. பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தார்கள்.

விளையாட்டில் இதை இரண்டு இடங்களில் பயன்படுத்தலாம். முதலாவது, ஏரி வாரியம். ஆறு பேர் கொண்ட அந்த வாரியம் ஏரியைத் தூர்வாரியதா இல்லையா என்பது நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில் தெரியவே கூடாது. ஐந்தாண்டு கழித்து மழை பொய்க்கும்போது, தூர்வாராத நாட்டின் விளைச்சல் பாதியாகச் சரியட்டும். இரண்டாவது, தகுதி விதிகளை மாற்றும் அதிகாரம். 919-இல் வயது வரம்பு முப்பது முதல் அறுபது வரை. இரண்டே ஆண்டுகளில் அது முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாறியது. இரண்டு முறையும் அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி வந்து உடனிருந்தார். ஆகவே விதியைத் திருத்த ஆட்டக்காரர் ஓர் அதிகாரியை ஓராண்டு முழுவதும் ஒதுக்க வேண்டும். தகுதியை இறுக்கினால் முறைகேடு குறையும், ஆனால் குடத்தில் ஓலைகள் குறைந்து ஒரே குடும்பத்தார் திரும்பத் திரும்ப வருவார்கள்.

குலுக்கலைத் திரையில் காட்டுங்கள்: குடம், சிறுவனின் கை, விரிந்த உள்ளங்கை. கண்ணெதிரே நடக்கும் அதிர்ஷ்டத்தை ஆட்டக்காரர் பொறுத்துக்கொள்வார். திரைக்குப் பின்னால் உருளும் பகடையைத்தான் சபிப்பார்.

படி 6: கோயிலைக் கட்டடமாக மட்டும் பார்க்காதீர்கள்

பெரும்பாலான விளையாட்டுகளில் கோயில் என்பது மகிழ்ச்சியை இரண்டு புள்ளி உயர்த்தும் கட்டடம். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தால் அது ஒரு வங்கி என்று தெரியும். அரசனும் அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் தந்த காசு ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போனது. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு வட்டி. அந்த வட்டியில் விளக்கு எரிந்தது, அமுதுபடி நடந்தது. பல ஊர்களின் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வைத்தான் ராஜராஜன். மொத்தம் 40,000 கலம். நாம் மேலே பார்த்த கணக்கில் இது ஆனைமங்கலம் போன்ற ஊர்கள் ஏறத்தாழ நாலரையின் ஆண்டுக் காணிக்கடன்.

விதி இப்படி அமையட்டும். ஆட்டக்காரர் கோயிலுக்குப் பொன் தரும்போது, எந்த நாடுகளுக்கு அது கடனாகப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார். அந்த நாடுகள் ஆண்டுதோறும் கோயிலுக்கு வட்டி கட்டும். தலைநகரோடு அவற்றுக்குத் தொடர்ந்து நடமாட்டம் இருக்கும். பிடிமானம் மெல்ல ஏறும். ஆனால் கொடுத்த பொன்னைத் திரும்பப் பெறவே முடியாது. தேவதானமாகத் தந்த நிலத்தின் வரி மீண்டும் கருவூலத்துக்கு வராது. போரில் தோற்றுக் கருவூலம் காலியான ஆண்டில், கோயிலில் மட்டும் பொன் நிறைந்திருப்பதை ஆட்டக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். திரும்பப் பெற முடியாத முடிவுகள் ஒரு விளையாட்டில் இரண்டு மூன்றாவது இருந்தால்தான் மற்ற முடிவுகளுக்கு எடை வரும்.

படி 7: அதிகாரிகளும் சிற்றரசர்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அதிகாரிக்குச் சம்பளம் காசாக அன்று, ஜீவிதமாக, அதாவது ஒரு நிலத்தின் வருவாயாகத் தரப்பட்டது. ஆகவே ஒவ்வொரு புதிய அதிகாரியும் பிடிமானத்தை உயர்த்துவார், அதே நேரத்தில் காணிக்கடனிலிருந்து ஒரு துண்டைக் குறைப்பார். இரண்டு தலைமுறை ஒரே நாட்டில் இருந்தால் அவரும் நாட்டாரில் ஒருவர். சிற்றரசனுக்கோ ஒரே விதி போதும்: அவனுடைய குதிர், அருகிலுள்ள அரசப் படையின் வலிமையைப் போல் இரண்டு மடங்கானால் அவன் வரியைத் தாமதிப்பான், மூன்று மடங்கானால் மறுப்பான், ஐந்து மடங்கானால் கைவைப்பான். மிகையாகத் தோன்றினால் 1231 வாக்கில் நடந்ததை நினைவுகொள்ளுங்கள்: காடவன் கோப்பெருஞ்சிங்கன், தன் பேரரசனான மூன்றாம் ராஜராஜனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான், மீட்க ஹொய்சள நரசிம்மன் படை வர வேண்டியிருந்தது.

படி 8: வாரிசு

குருசேடர் கிங்ஸ் 3 ஆடியவர்களுக்கு, அரசன் இறந்ததும் நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்து போகும் வயிற்றெரிச்சல் நன்கு தெரியும். சோழர் வேறு வழி கண்டார்கள். அரசன் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு முடிசூட்டி, இருவரும் சேர்ந்து ஆண்டார்கள். ராஜேந்திரனுக்கு 1012-இல் முடிசூட்டப்பட்டது. அவனும் தன் மகன் ராஜாதிராஜனுக்கு 1018-லேயே முடிசூட்டினான். விளையாட்டில், அரசன் இறக்கும்போது எல்லா நாடுகளிலும் பிடிமானம் 30 புள்ளி சரியட்டும். இணையாட்சி ஐந்தாண்டுக்கு மேல் நடந்திருந்தால் 5 மட்டும் சரியட்டும். விலையும் வேண்டும்: இளவரசனுக்குத் தனி அவை, தனிக் குதிர், பொறுமையில்லாத இளவரசனாக இருந்தால் தனி எண்ணங்கள். 1054-இல் கொப்பம் போரில் யானைமேல் இருந்த ராஜாதிராஜன் கொல்லப்பட்டபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு வென்றான். இந்தக் காட்சி தானாக நிகழும் அளவுக்கு உங்கள் விதிகள் நெகிழ்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

திருமணமும் இதே படியில் வரும். ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மணம் செய்து தந்தான். அவர்களுடைய மகனுக்கு ராஜேந்திரனின் மகள் அம்மங்கதேவி. 1070-இல் வீரராஜேந்திரன் இறந்து, அவன் மகன் அதிராஜேந்திரனும் குழப்பத்தில் மாண்டபோது, அம்மங்கதேவியின் மகன் வேங்கியிலிருந்து வந்து முதலாம் குலோத்துங்கனாக அமர்ந்தான். இரண்டு தலைமுறைக்கு முன் செய்த முடிவின் பலனை அன்று அறுவடை செய்தார்கள். எண்பது சுற்றுகளுக்குக் குறைவாக ஓடும் விளையாட்டில் இது வேலை செய்யாது. அப்படியானால் திருமணத்தை விட்டுவிடுங்கள்.

படி 9: பெயரைக் கடைசியில் சூட்டுங்கள்

சிவிலைசேஷனில் ஆட்சிமுறையை மாற்றினால் இடையில் சில சுற்றுகள் அராஜகம். பிரெஞ்சுப் புரட்சிக்கு அது பொருந்தலாம். இங்கே எவரும் ஒரு காலையில் எழுந்து நாளை முதல் வேறு ஆட்சிமுறை என்று அறிவிக்கவில்லை. அளவை, வளநாடு, கடன், இணையாட்சி என்று ஒவ்வொரு செயலாகச் சேர்ந்துதான் அரசு மாறியது. ஆகவே பெயரை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிலவரத்தைப் பார்த்து விளையாட்டே சூட்டட்டும். சராசரிப் பிடிமானம் எழுபதுக்கு மேல் என்றால் மைய அரசு. சிற்றரசர் குதிர்களின் மொத்தம் கருவூலத்தை மிஞ்சினால் சிற்றரசர் கூட்டு. கோயில் எல்லோரையும் மிஞ்சினால் அதற்கொரு பெயர். ஆட்டக்காரர் ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து, தாம் ஆளும் அரசு தாம் நினைத்த அரசு இல்லை என்று கண்டால், வடிவமைப்பு சரியாக வந்திருக்கிறது.

நேரடியாக அறிவிக்கக்கூடிய பெருஞ்செயல்கள் சிலவற்றை மட்டும் வையுங்கள். குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் வந்த கதை அதற்கு ஏற்றது. தாய்வழியில் வந்த ஓர் அரசன், சுங்க வருவாயை விட்டுக்கொடுத்து ஏற்பை வாங்கினான் என்பது என் ஊகம். விளையாட்டுக்கு அந்த ஊகமே அழகான விதியாகிறது. ஆட்சியேறிய முதல் பத்தாண்டுகளில் மட்டும் சுங்கத்தை நீக்க முடியும். நீக்கினால் வணிகரின் ஆதரவும் எல்லா நாடுகளிலும் சிறிது பிடிமானமும் கூடும். மீண்டும் விதிக்க முயன்றால் இரண்டு மடங்கு இழப்பு.

படி 10: திரையும் சோதனையும்

முதன்மைத் திரையில் வரவுக்குப் பக்கத்திலேயே வராதது என்று ஒரு நிரலை வையுங்கள். எந்த நாட்டில், எவ்வளவு, யாரிடம் என்ற மூன்றும் ஒரே வரியில் தெரிய வேண்டும்; நேரில் சென்று பார்க்காத நாடுகளுக்கு எண்ணுக்குப் பதிலாக அதிகாரியின் மதிப்பீடு மங்கலான எழுத்தில் நிற்கட்டும்.

குறிமுறை எழுதுவதற்கு முன் காகிதத்தில் ஆடிப் பாருங்கள். நான் ஆறு நாடுகளைச் சார்ட் தாளில் வரைந்து, நெல்லுக்குப் புளியங்கொட்டையும் பொன்னுக்குச் சோழியும் வைத்து ஆடினேன். இரண்டாம் மணி நேரத்தில் ஒரு தவறு வெளிப்பட்டது. கோயிலின் கிண்ணம் நிரம்பி வழிந்தது, ஆனால் கோயில் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்யவில்லை. கோயிலுக்குச் செலவு விதி எழுத மறந்திருந்தேன். விளக்கு, அமுதுபடி, பணியாளர் பங்கு என்று செலவைச் சேர்த்த பிறகுதான் கொட்டைகள் மீண்டும் ஊர்களுக்குத் திரும்பி ஓடத் தொடங்கின. கணினியில் இது ஓர் எண்ணாக ஏறிக்கொண்டே போயிருக்கும், கண்ணில் பட்டிருக்காது.

பிறகு மூன்று ஆட்டங்களைத் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றில் ஆட்டக்காரர் எதுவுமே செய்யாமல் அறுபது சுற்றுகள் உட்கார்ந்திருக்கட்டும். இருபத்தைந்து முதல் நாற்பதாவது சுற்றுக்குள் ஒரு சிற்றரசன் எழாவிட்டால் பங்கு விகிதம் தவறு. இன்னொன்றில் எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் அளவையை ஏவட்டும்; பதிவுக் கட்டத்தில் ஆணைகள் தேங்கி, நாட்டாரின் கசப்பு ஒருசேர முற்றி அரசு ஆட்டம் காண வேண்டும், காணாவிட்டால் அதிகாரிகள் மலிவாகக் கிடைக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவதில் ஒரு நாட்டைக்கூட வெல்லாமல், இருப்பதை மட்டும் செப்பனிட்டு ஆடட்டும். அப்படி ஆடுபவர் சலிப்படைந்தால் படைப் பகுதியில் கைவைக்காதீர்கள். முதலில் மழை பொய்க்கும் ஆண்டுகளின் இடைவெளியைக் குறைத்து, ஏரி வாரியத்தின் ஓலைகளை மீண்டும் குடத்தில் போட்டுப் பாருங்கள்.